கடைசி ஆறு மாதம் கணவர் வீட்டில் இருந்தாரா?

கல்யாணத்தைச் செய்துவைக்கப் பாதிரியார் ஒரு தடவை வந்தால் போதும். அது இன்னும் நிற்கிறதா என்று வருஷம் தவறாமல் கேட்பது வருமான வரிக்காரர்கள்தான். படிவத்தின் முதல் பக்கத்தில், பெயருக்கும் முகவரிக்கும் பக்கத்திலேயே ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. மணமாகாதவர், கணவன் மனைவி சேர்ந்து, கணவன் மனைவி தனித்தனியாக, குடும்பத் தலைவர், துணையை இழந்து பிள்ளையோடு இருப்பவர். ஒன்றில் மட்டும்தான் குறி போடலாம். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று இழுக்கிறவர்களுக்கு அதில் இடம் கிடையாது.

ரான்டா நியெமி பத்தொன்பது வருஷமாக இரண்டாவது கட்டத்தில் இருந்தாள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஏரிக்கரையில் இருக்கும் ஆஷ்டபூலா ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. தலையில் வலை, கையில் கரண்டி, வாயில் எப்போதும் ஒரு பதில். உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நிற்கும் பையனிடம், "உங்கப்பனுக்கும் நான்தான்டா போட்டேன், அவனும் இப்படித்தான் நின்னான்" என்பாள். அது பொய். அவளுக்கு வயது நாற்பத்தேழுதான். ஆனால் பையன் சிரித்துக்கொண்டு தட்டை நீட்டுவான், அவளும் போட்டுவிடுவாள்.

அவள் கணவன் கர்ட் தொழிற்சாலையில் வெல்டர். நெடுநெடுவென்று வளர்ந்தவன், பேச்சு குறைவு. அவனுக்குத் தெரிந்த நகைச்சுவை மொத்தமே ஒன்றுதான். அது வருஷத்துக்கு ஒரு முறை, பிப்ரவரி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும். ஊரெல்லாம் கம்ப்யூட்டரில் வரிக்கணக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்திலும் கர்ட் காகிதத்தில்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருந்தான். சமையலறை மேசையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு, படிக்கும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கோர்ட்டுக் குமாஸ்தா மாதிரிக் குரலை மாற்றிக்கொண்டு கேட்பான்:

"அம்மணி, தங்களுடைய தற்போதைய நிலைமை என்ன?"

"இன்னும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்கேன் சார்."

"விடுதலைக்கு மனு ஏதாவது?"

"போட்டுப் பார்த்தேன் சார். துண்டு துவைக்க ஆள் வேணும்னு தள்ளுபடி பண்ணிட்டாங்க."

இரண்டாவது கட்டத்தில் அவன் குறி போடுவான். கடைசிப் பக்கத்தில் அவன் ஒரு கையெழுத்து, அவள் ஒரு கையெழுத்து. பிறகு ஆளுக்கொரு பீர். பத்தொன்பது வருஷமும் அதே கேள்வி, அதே பதில். அவர்கள் மகள் ஷெல்பி அதைக் கேட்டுக் கேட்டு, எட்டு வயதிலேயே அம்மாவின் பதிலைத் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

துண்டு விஷயம் வேடிக்கைக்குச் சொன்னதல்ல. கர்ட்டிடம் அந்த ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குளித்துவிட்டு வந்தால் ஈரத் துண்டை அப்படியே குளியலறைத் தரையில் போட்டுவிட்டுப் போவான். கொக்கி அவனே அடித்தது, கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. ரான்டா கத்துவாள், கெஞ்சுவாள், ஒரு வாரம் அவன் துண்டை எடுக்காமல் போட்டுப் பார்ப்பாள். துண்டுதான் நாற்றம் எடுக்கும், அவன் திருந்த மாட்டான். அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதிக்கு அதுதான் காரணம். மீதிப் பாதிக்கு என்ன காரணம் என்று இப்போது இரண்டு பேருக்குமே ஞாபகம் இருக்காது.

தொழிற்சாலையை மூடினார்கள். டெக்சஸ் கடற்கரையில் குழாய் போடும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு கர்ட் கிளம்பினான்.

"ஆறு மாசம்தான் ரான்டா" என்றான்.

முதல் வருஷம் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அழுக்குத் துணி மூட்டையோடு வந்தான். அந்தப் பிப்ரவரியிலும் வந்து மேசையில் உட்கார்ந்தான். ஆனால் கேள்வியைக் கேட்கவில்லை. தானே இரண்டாவது கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். ரான்டா வாயில் பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். களைப்பாக இருக்கிறான், இரண்டு நாள் வண்டி ஓட்டி வந்திருக்கிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு வந்தான். அப்புறம் ஆகஸ்டில் ஷெல்பிக்குப் பதினாறு வயது நிறைந்தபோது ஒரே ஒரு இரவு வந்தான். அதோடு சரி. நவம்பரில் ஊரே வீடு திரும்பும் நன்றி சொல்லும் நாளுக்கும் வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. வேலை நெருக்கடி என்றான். அவனைக் கோழை என்று சொல்ல யாருக்கும் வாய் வரும். பிரிந்து போகிறவன் கதவைச் சாத்திக்கொண்டாவது போகவேண்டும். கர்ட் கதவைத் திறந்து போட்டுவிட்டு, குளிரில் நிற்பவளைப் பார்க்காமல் நடந்தான்.

புது வருஷம் பிறந்து பிப்ரவரிக் கடைசி ஞாயிறும் வந்தது. ரான்டா தனியாக உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள். தன் கையெழுத்தைப் போட்டாள். அதன் பக்கத்துக் கோட்டில் மஞ்சள் அம்பு ஒன்றை ஒட்டி, தன் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய கவரையும் உள்ளே வைத்து டெக்சஸுக்கு அனுப்பினாள். அவன் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு கையெழுத்து. அது வந்துவிட்டால் இன்னும் ஒரு வருஷம் அவள் மனைவி. அவள் மனதில் கணக்கு அப்படித்தான் ஓடியது.

மார்ச் முழுக்க அவள் தபால் பெட்டியைப் பார்த்தாள். மளிகைக்கடை விளம்பரம் வந்தது, பல் டாக்டர் அட்டை வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு வெள்ளிக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் மீன் பொரிக்கப் போனால், தட்டோடு வரிசையில் வருகிறவர்கள் எல்லாம் ஒன்றையே கேட்டார்கள்.

"கர்ட் ஈஸ்டருக்கு வர்றானா?"

"வேலைக்குத்தான போயிருக்கான், வருவான். உங்களுக்குக் கோசு சாலட் வேணுமா, வேண்டாமா? பின்னாடி ஆள் நிக்குது."

இதற்கு நடுவில் வீட்டுச் சூடேற்றி மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. ராத்திரியில் இரும்பு இருமுவது மாதிரி ஒரு சத்தம், பிறகு நின்றுவிடும். வரிப் பணம் திரும்பி வந்ததும் மாற்றிவிடலாம் என்று இருந்தாள். ஷெல்பி மேல்கோட்டு போட்டுக்கொண்டே சமையலறையில் வீட்டுப்பாடம் எழுதினாள். அந்தப் பெண் ஒரு தடவைகூடக் குளிர்கிறது என்று சொல்லவில்லை. ரான்டாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மார்ச் கடைசியில் போன் செய்தாள். நாலாவது தடவைதான் எடுத்தான்.

"கர்ட், கவர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"மஞ்சள் அம்பு ஒட்டியிருக்கேன் பாரு, அந்த இடத்துல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். பேனா இல்லைன்னா சொல்லு, அதையும் அனுப்பி வைக்கிறேன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அவன் அதைக் குறைத்தான்.

"நான் போட்டுட்டேன் ரான்டா."

"கையெழுத்தா?"

"இல்ல. வரிக்கணக்கை. இங்க எங்க ஆளுங்க எல்லாம் போற வரிக்கணக்குக் கடை ஒண்ணு இருக்கு. அங்க போய்த் தனியா போட்டுட்டேன்."

"தனியான்னா?"

"தனியான்னா தனியாதான்."

"எந்தக் கட்டம்?"

"மூணாவது. கல்யாணமானவங்க, தனித்தனியா."

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? ஒரு மாசமா தபால்காரன் முகத்தைப் பார்த்துட்டு நிக்கிறேன்."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப வருவே?"

"பார்க்கலாம்."

"ஷெல்பி கேட்டா என்ன சொல்ல?"

"அவகிட்ட நானே பேசுறேன்."

அவன் பேசவில்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

போனை வைத்த பிறகு ரான்டா அழுதிருந்தால் நியாயம். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள்.

"ஷெல்பி, உங்கப்பா கல்யாணமானவன்னுதான் போட்டிருக்கான். அஞ்சு கட்டம் இருக்குல்ல? முதல் கட்டத்துல போட்டிருக்கலாமே. போடலையே. விட்டுட்டுப் போறவன் அப்படிப் போடுவானா, சொல்லு?"

ஷெல்பி பென்சிலைக் கீழே வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "சூப் சூடு பண்ணட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

அந்த நம்பிக்கையோடு இரண்டு வாரம் ஓடியது. வரிக்கணக்கு அனுப்பக் கடைசித் தேதிக்கு முந்தைய சனிக்கிழமை ரான்டா ஊர் நூலகத்துக்குப் போனாள். அங்கே காசு வாங்காமல் வரிப் படிவம் போட்டுக் கொடுக்கும் தொண்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவள் முறை வந்தபோது கிடைத்த ஆள் ஆல் பெட்ரூஸி. இருபத்தாறு வருஷம் அவள் தெருவுக்குத் தபால் போட்டு ஓய்வு பெற்றவர். அவள் கல்யாணத்துக்கு வந்த பரிசுப் பெட்டிகளைப் பனியில் சுமந்து வந்து கொடுத்தவரும் அவர்தான். இப்போது மூக்குக் கண்ணாடியும் மடிக்கணினியும் மனைவி சுட்டுக் கொடுத்த சோம்பு பிஸ்கட்டுமாக ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா ரான்டா. கர்ட் எங்க? சேர்ந்து போடணும்னா ரெண்டு பேரும் வரணுமே."

"அவன் தனியா போட்டுட்டான் ஆல். மூணாவது கட்டம். எனக்கும் அதையே போட்டுடுங்க. கல்யாணமானவங்க, தனித்தனியா. ரெண்டும் ஒரே மாதிரி இருந்துட்டுப் போகட்டும்."

ஆல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது உனக்கு நஷ்டம்மா. பிள்ளையை வச்சிருக்கிறவளுக்குக் கிடைக்கிற சலுகை பாதி போயிடும். வேற ஒரு வழி இருக்கு. நாலாவது கட்டம், குடும்பத் தலைவர். ஆனா அதுக்கு நான் ரெண்டு மூணு கேள்வி கேக்கணும். ஊர்வம்பு இல்ல, சட்டத்துல இருக்கு."

"கேளுங்க."

"போன வருஷம் ஷெல்பி உன்கூடத்தான் இருந்தாளா?"

"என்கூட இல்லாம வேற எங்க போவா?"

"வீட்டுச் செலவுல பாதிக்கு மேல யாரு பார்த்துக்கிட்டது?"

"நான்தான். அவன் அனுப்புறது ஷெல்பியோட போன் செலவுக்குச் சரியாப் போகுது."

"சரி. கடைசி ஆறு மாசம், அதாவது ஜூலையிலேர்ந்து டிசம்பர் வரைக்கும், கர்ட் உங்க வீட்டுல இருந்தானா?"

"வேலைக்குத்தான போயிருக்கான்."

ஆல் தலையாட்டினார். இந்தப் பதிலை அவர் எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தது.

"வேலைக்குப் போயிருக்கான், முடிஞ்சதும் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவான்னா, சட்டத்தைப் பொறுத்தவரைக்கும் அவன் வீட்டுலதான் இருக்கான். ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும் சரி. அப்ப மூணாவது கட்டம்தான். வரமாட்டான்னா நாலாவது. இதை நான் சொல்ல முடியாதும்மா. நீதான் சொல்லணும்."

ரான்டா சிரிக்கப் பார்த்தாள். "அவன் கல்யாணமானவன்னுதான ஆல் போட்டிருக்கான்? முதல் கட்டத்துல போடலையே."

ஆல் பிஸ்கட் டப்பாவை மூடித் திறந்தார். நல்ல மனிதர். தபால் போட்ட காலத்தில் கடன்காரன் கடிதத்தைக்கூடக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறவர்.

"விவாகரத்து ஆகாதவன் முதல் கட்டத்துல போட முடியாதும்மா. போட்டா தப்பு. கடைக்காரன் கேட்டிருப்பான், இவன் உள்ளதைச் சொல்லியிருப்பான். அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்."

இரண்டு வாரமாக அவள் பத்திரமாக வைத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. அவர் பொய் சொல்லியிருக்கலாம். அந்த மேசையில் பொய் சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

ரான்டா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது கட்டத்தைப் போட்டால் சூடேற்றி வராது, ஷெல்பி இன்னும் ஒரு குளிர்காலம் கோட்டோடு உட்கார்ந்திருப்பாள். ஆனால் அரசாங்கத்தின் ஏட்டில் கர்ட் வீட்டுக்குள் இருப்பான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருப்பான். யாரும் வந்து கட்டிலைப் பார்க்கப் போவதில்லை.

"ஆகஸ்டுல வந்தான் ஆல்" என்றாள். "ஷெல்பி பிறந்தநாளுக்கு. ஒரு ராத்திரி தங்கினான்."

"தங்கினது பரவாயில்ல. வாழ்ந்தானா, வந்து போனானா? அதுதான் கேள்வி."

பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். பேசியபோது அவள் குரலில் பள்ளிக்கூடச் சமையலறையின் சத்தம் கொஞ்சமும் இல்லை.

"முதுகுவலின்னு சோபாவுல படுத்தான். குளிக்கப் போறப்ப என்கிட்ட வந்து, 'துண்டு எங்க வச்சிருக்கே'ன்னு கேட்டான். துண்டு வைக்கிற அலமாரியே அவன் அடிச்சது ஆல். அவன் கையால பலகை அறுத்து, ஆணி அடிச்சு வச்சது. எடுத்துக் கொடுத்தேன். காலையில நான் எந்திரிக்கிறதுக்குள்ள கிளம்பிட்டான். குளியலறையில தரையைப் பார்த்தேன், துண்டு இல்ல. கொக்கியில பார்த்தேன், இல்ல. கூடத்துக்கு வந்தா சோபா ஓரத்துல இருக்கு. நாலா மடிச்சு, போர்வை மேல வச்சுட்டுப் போயிருக்கான். மூலைக்கு மூலை சரியா மடிச்சு."

ஆல் மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தார்.

"பத்தொன்பது வருஷம் அந்தத் துண்டுக்காகக் கத்தியிருக்கேன். நான் கத்தினதுல அவன் கேட்டது அந்த ஒரு நாள்தான். அன்னிக்கே எனக்குத் தெரியும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "விருந்தாளியா வந்தான் ஆல். வாழலை. நாலாவதே போடுங்க."

அவர் போட்டார். மிச்சமெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. அச்சடித்த தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தி, விதிப்படி வாய்விட்டுப் படித்து உறுதி செய்யவேண்டும் என்றார். பெயர், முகவரி, மகள் பெயர் எல்லாம் படித்தார்.

"நிலைமை..." என்று ஆரம்பித்து ஆல் நிமிர்ந்து பார்த்தார்.

வாய்வரைக்கும் வந்த பழைய பதிலை ரான்டா விழுங்கினாள். "குடும்பத் தலைவர்" என்றாள். தன் கோட்டில் கையெழுத்துப் போட்டாள். அதன் பக்கத்துக் கோடு காலியாக இருந்தது. ஆல் நாலு பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றி ஷெல்பிக்கென்று கொடுத்தார். வேறு என்ன கொடுக்க முடியும் அவரால்?

வீட்டுக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஓட்டப் பயிற்சிக்குப் போன ஷெல்பி நனைந்து வந்து குளித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள்.

"வேலை முடிஞ்சுதாம்மா? அப்பா கையெழுத்து வேண்டாமா?"

"வேண்டாமாம். என்னோடது ஒண்ணு போதுமாம்" என்றாள் ரான்டா. பிஸ்கட்டை மேசையில் வைத்தாள். "சூடேற்றிக்காரனுக்குத் திங்கக்கிழமை போன் பண்ணணும், ஞாபகப்படுத்து."

ஷெல்பி பதினாறு வயதுக்காரி, புத்தி உள்ளவள். எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அப்பா என்ற வார்த்தையை மறுபடி எடுக்கவில்லை.

முகம் கழுவ ரான்டா குளியலறைக்குப் போனாள். கொக்கி காலியாக இருந்தது. ஷெல்பியின் ஈரத் துண்டு சுருண்டு, தரையில், அவள் அப்பன் போடும் அதே இடத்தில் கிடந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். இத்தனை மாதம் வராத அழுகை அப்போதுதான் வந்தது, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்து முகத்தைக் கழுவினாள். துண்டைத் தாண்டி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அன்றைக்கு அவள் அதை எடுத்து மாட்டவில்லை.